புதுச் சாரதிகளுக்கு ஒரு பலகை

கரி பஸ் ஒன்றுக்குப் பின்னால் இராணுவ லொறிகள் மரியாதையாக வரிசை கட்டி நின்றதைக் கண்ட அந்தக் கணத்தில்தான் எனக்கு யோசனை வந்தது. யோசனை வந்த கணம் என்று இப்போது ஆறுதலாக எழுதுகிறேன். அப்போது வந்தது வியர்வை மட்டும்தான்.

உலக யுத்தத்தால் பெற்றோலுக்குத் தட்டுப்பாடு வந்த பிறகு எங்கள் பகுதி பஸ்கள் கரியில் ஓடுகின்றன. பஸ்ஸின் முதுகில் ஆளுயர இரும்புப் பீப்பா ஒன்றைப் பூட்டி, அதற்குள் கரியை எரித்து, அதிலிருந்து வரும் வாயுவை இயந்திரத்துக்குக் கொடுக்கிறார்கள். ஆனால் காலையில் இயந்திரத்தை எழுப்புவதற்குக் கொஞ்சமாவது பெற்றோல் வேண்டும். ஆகவே கரி பஸ் பெற்றோல் நிரப்பும் செட்டுக்கு வரத்தான் வேண்டும். செட்டுக்குள் வரவும் கூடாது. முதுகில் நெருப்பைச் சுமந்துகொண்டு எப்படி வருவது? இதற்கு ஊரில் யாரும் சட்டம் எழுதவில்லை. பஸ் எங்கள் செட்டுக்கு முன்னாலேயே, கடல் பக்கத்துப் பூவரச மரத்தடியில் நின்றுவிடும். கொண்டக்டர் ஒரு தகரக் கானைத் தூக்கிக்கொண்டு நடந்து வருவார், வாங்கிக்கொண்டு நடந்து போவார். கச்சான் காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசுகிற மாதங்களில் பொறி பறந்தாலும் கடலுக்குத்தான் போகும். உப்புவெளி, சல்லிப் பக்கத்துச் சனமெல்லாம் அறிந்த விசயம் இது.

ஆபிரிக்காவிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய சிப்பாய்ச் சாரதிகளுக்கு இது எப்படித் தெரியும்? பெற்றோல் செட்டுக்கு முன்னால் ஒரு வண்டி நிற்கிறது. ஆகவே அதுதான் வரிசையின் தலை. அதற்குப் பின்னால் போய் நிற்பதுதான் ஒழுக்கம். முதல் லொறி நின்றது, இரண்டாவது நின்றது, வளைவு வரைக்கும் நின்றன. ஒருவரும் ஹோன் அடிக்கவில்லை, ஒருவரும் முந்தவில்லை. எல்லா இயந்திரங்களும் ஓடிக்கொண்டிருந்தன. முதல் லொறியின் முகம் கரிப் பீப்பாவுக்கு இரண்டு எட்டுத் தள்ளி. லொறி நிறையப் பெற்றோல் பீப்பாக்கள்.

கொண்டக்டர் என்னைக் கண்டதும் கானை ஆட்டினார். "தம்பி, பட்டாளம் முழுக்க நம்மட பஸ்ஸில ஏறப் போகுதோ? நிக்கிற இடமும் இல்லையெண்டு சொல்லும் அவையளுக்கு!" பஸ்ஸுக்குள் இருந்த சனம் சிரித்தது. அந்தச் சிரிப்பின் உற்சாகத்தில் அவர் பீப்பாவின் கீழ்க் கதவைத் திறந்து, சாம்பலைக் கிளற நீண்ட இரும்புக் கம்பியை உள்ளே விட்டார்.

நான் கத்தினேன். "மூடுங்கோ! கதவை மூடுங்கோ!"

என் வாழ்க்கையில் நான் போட்ட சத்தங்களில் மிகவும் மோசமானது அது. அவர் திடுக்கிட்டுக் கம்பியை வெளியே இழுத்துத் தவறவிட்டார். கம்பியோடு சிவந்த கரித்துண்டுகளும் தெருவில் விழுந்தன. அவற்றில் ஒன்று உருண்டு, முதல் லொறியின் அடியில் போய் நின்றது. முன் சில்லுக்கு அருகே, சிவப்பாக, கண் மாதிரி.

பஸ்ஸுக்குள் சிரிப்பு அறுந்தது. லொறிச் சாரதி, நெடுத்த கறுத்த மனிதர், கதவைத் திறந்து நிதானமாக இறங்கினார். குனிந்து பார்த்தார். தெருவோர மணலைச் சப்பாத்தால் தள்ளித் தள்ளி அந்தக் கரியின் மேல் மூடினார். பிறகு என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். மொழி விளங்கவில்லை. கேள்வி நன்றாக விளங்கியது: இதுவா இங்கே வழக்கம்?

வரிசையின் கடைசியில் ஒரு ஜீப் நின்றது. அதிலிருந்து வாகனப் பொறுப்பதிகாரி இறங்கி நடந்து வந்தார்.

*

செட் என் அத்தானுடையது. அக்காவைக் கட்டிய வருடத்திலிருந்து அவருக்கு அதுதான் தொழில். துறைமுகத் தெருவில் இரண்டு கை பம்புகள், ஒரு தகரக் கூரை, முன்னால், கடலில் எடுக்கும் பொந்து விழுந்த முருகைக்கல்லால் கட்டிய இடுப்புயர மதில். யுத்தம் தொடங்கியதும் இராணுவம் தன் லொறிகளுக்கும் இங்கேயே பெற்றோல் நிரப்ப ஒழுங்கு செய்தது. குண்டு விழுந்து, எண்ணெய்த் தாங்கி எரிந்து, வானம் நாட்கணக்காகக் கறுத்துக் கிடந்த பிறகு ஊர் பாதி காலியானது. அக்காவும் பிள்ளைகளும் குடாவுக்கு அக்கரையில், கட்டைபறிச்சானில், அத்தானின் உறவினர் வீட்டில் இருக்கிறார்கள். செட் ஓடினால் அவர்கள் ஒருநாள் திரும்பி வரலாம். செட் மூடினால் அத்தானும் வள்ளம் ஏறி அக்கரைக்குப் போய், தெரியாத வயலில் தெரியாத வேலை செய்யவேண்டியதுதான். இதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் சாப்பிடும்போது, உடுப்புத் தோய்க்கும்போது, எல்லா நேரமும் அது எங்கள் நடுவில் ஒரு ஆள் மாதிரி உட்கார்ந்திருக்கும்.

என் பள்ளிக்கூடத்தைக் கடற்படை எடுத்துக்கொண்டது. சோதனை எழுதிவிட்டேன், அடுத்து என்ன என்று யாருக்கும் தெரியாது. சும்மா இருக்க என்னால் ஏலாது. ஆகவே செட்டில் பெற்றோல் பங்கீட்டுக் கூப்பன்களைச் சரிபார்க்கும் வேலையும், இங்கிலிஷ் கதைக்கும் வேலையும் என்னுடையவை ஆயின.

அன்றைக்கு அதிகாரி கதைத்ததை அத்தானுக்குத் தமிழில் சொல்லவேண்டியவனும் நான்தான். அதிகாரி கத்தவில்லை. சின்ன வயதுக்காரர், வெயிலில் சிவந்த மூக்கு, களைத்த கண்கள். பெற்றோல் ஏற்றிய லொறிகள் ஒரு அடுப்புக்குப் பின்னால் நின்றதைத் தான் கண்டதாகவும், இன்னொரு தரம் இந்தச் செட்டடியில் நெருப்பைக் கண்டால் நிலத்தடித் தாங்கியை அன்றைக்கே வெறுமையாக்கிச் செட்டைப் பூட்டிவிடுவதாகவும் சொன்னார். "ஒரு தாங்கி எரிந்தது போதும்," என்றார்.

அத்தான் என் முகத்தைப் பார்த்தார். "என்னவாம்?"

"கவனமாயிருக்கட்டாம், அத்தான்."

"அவ்வளவு நீளமாக் கதைச்சார். நீ ஒரு சொல்லில முடிக்கிறாய். முழுசாச் சொல்லு."

முழுவதையும் சொன்னேன். அத்தான் தலையை ஆட்டினார். கையைத் துடைக்கிற துணியை எடுத்து, துடைக்கத் தேவையில்லாத பம்பைத் துடைக்கத் தொடங்கினார்.

*

பலகை எழுதும் யோசனையை நான் அன்று பின்னேரமே சொன்னேன். எங்கள் செட்டுக்கு என்று ஒரு மரியாதை இருக்கிறது. அதைப் பழகியவர்கள் பிசகுவதில்லை. பிசகுவதெல்லாம் புது ஆட்கள். ஒவ்வொரு கப்பலுக்கும் புது ஆட்கள் வருகிறார்கள். ஒருவர் பஞ்சாப், ஒருவர் ஆபிரிக்காவின் நையாசா, ஒருவர் லண்டன். எத்தனை மொழியில் கத்துவது? கத்தினால் என்ன நடக்கும் என்பதையும் கண்டாயிற்று. ஆகவே படம். எழுத்தில்லாத படம். உலகத்தில் எல்லோருக்கும் கண் இருக்கிறதே!

பம்பு அடிக்கிறவர் கிண்ணியாக்காரர். அத்தானைவிட மூத்தவர், நாங்கள் எல்லோரும், அவருடைய ஊரில் அண்ணனை அழைப்பதுபோல, நானா என்றுதான் கூப்பிடுவோம். அவர் கேட்டார், "படத்தப் பாத்தா எல்லாருக்கும் வெளங்குமா தம்பி?"

"ஏன் விளங்காது நானா? மாட்டுப் படத்தைக் கீறினா ஆபிரிக்காக்காரன் ஆடெண்டு சொல்லுவானோ?"

"நீங்க கீறினா நான் சொல்லுவேன்," என்றார் நானா. அத்தான் பல நாளைக்குப் பிறகு சிரித்தார்.

அந்தச் சிரிப்பே எனக்கு அனுமதிச் சீட்டாகப் போதும். துறைமுகத்தில் வேலை செய்யும் ஒருவரிடம் கப்பலுக்குப் பூசும் சாம்பல் நிறப் பெயின்றும் கொஞ்சம் சிவப்பும் கிடைத்தன. இரவு விளக்கு எரிக்கத் தடை. ஆகவே பகலில், வெயிலில், பலகையை மடியில் போட்டுக்கொண்டு கீறினேன்.

முதலில் பஸ் பிரச்சினை. அதைப் பலகையில் போட்டால் குழப்பம் என்று தோன்றியதால் கொண்டக்டரிடம் நேரே போய்ப் பேசினேன். பஸ்ஸைத் தெருவில் விடாமல், பூவரச மரத்தடியில் திருப்பி, பின்புறத்தைக் கடல் பக்கத்துக் கல்மதிலோடு ஒட்டி நிறுத்தவேண்டும். அப்போது எந்த லொறியும் பின்னால் வந்து நிற்க முடியாது.

"மதிலோட ஒட்டினா நான் எப்பிடியடாப்பா நெருப்புக் கிளறுறது?"

"கிளறாதேங்கோ. வளைவு தாண்டிக் கிளறுங்கோ."

"இந்தப் பெடியன் சண்டை முடியுறதுக்குள்ள என்னை நடக்க வைச்சே கொல்லப் போறான்," என்று பஸ்ஸுக்குள் பார்த்துச் சொன்னார். ஆனால் அடுத்த நாளே அப்படித்தான் நிறுத்தினார். அவருக்கும் அந்தக் கரித்துண்டு கனவில் வந்திருக்கும்.

மிச்சமெல்லாம் பலகையில். ஐந்து படங்கள், ஒரே வரியில். முதலாவது, ஒரு மனிதன் தன் சுருட்டை அணைத்து முருகைக்கல் மதிலில் வைக்கிறான். இது எங்கள் செட்டின் தனி வழக்கம். புகைப்பதை யாரும் எறியச் சொல்வதில்லை. பாதிச் சுருட்டை எறி என்றால் எவன் எறிவான்? உள்ளே ஒளித்துக்கொண்டு வருவான். ஆகவே மதிலின் மேற்கல்லில், காற்றுப் படாத பொந்துகளில், அவரவர் சுருட்டும் பீடியும் அவரவருக்காகக் காத்திருக்கும். போகும்போது எடுத்துக்கொண்டு போகலாம். ஒருவருடையதை இன்னொருவர் தொடுவதில்லை. பொலிஸ்காரருடைய சுருட்டைக்கூட யாரும் தொட்டதில்லை.

இரண்டாவது படத்தில் இயந்திரத்தை நிறுத்துகிறான். மூன்றாவதில் இறங்குகிறான். நான்காவது கொஞ்சம் கஷ்டமான படம். எங்கள் பம்பின் தலையில் பெரிய கண்ணாடிக் குடுவை இருக்கிறது. நானா நெம்புகோலை முன்னும் பின்னும் தள்ளத் தள்ளப் பெற்றோல் ஏறி அந்தக் குடுவையில் நிரம்பும். அளவுக் கோட்டைத் தொட்டதும் சாரதி பார்த்துக் கையை உயர்த்தவேண்டும். அதன் பிறகுதான் நானா குழாயைத் திறப்பார். சாரதி பார்க்காமல் ஆசனத்திலேயே இருந்தால் நானா திறக்கமாட்டார். அதிகாரியே வந்தாலும் திறக்கமாட்டார். தான் கொடுத்ததைக் கண்ணால் காணாமல் வாங்கிப்போவது தன்னை அவமதிப்பதாகும் என்பது அவருடைய கட்சி.

ஐந்தாவது படத்தில் அந்த மனிதன் வண்டியின் அருகே நின்று, தன் சுருட்டை மீண்டும் வாயில் வைத்துச் சந்தோஷமாகப் புகை விடுகிறான். புகைக்கு மூன்று சுருள் போட்டேன். எனக்கு மிகவும் பிடித்த படம் அதுதான். பிடுங்குகிற சட்டத்தைவிடத் திருப்பித் தருகிற சட்டத்துக்கு மனிதர் பணிவார்கள் என்று அத்தானுக்கு ஒரு பிரசங்கமே செய்தேன்.

"சரி சரி, எங்கயாவது கொழுவு," என்றார் அத்தான்.

இரண்டு பம்புகளுக்கும் நடுவில் கொழுக்கியில் கொழுவினேன். காத்து நிற்கிறவர்களின் கண்ணுக்கு நேரே இருக்கவேண்டும் அல்லவா?

*

பலகை வேலை செய்தது! வெள்ளைக்கார இராணுவச் சாரதிகள் ஐந்தாவது படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு வெளியே போய்ச் சிகரெட்டை மதிலில் வைத்துவிட்டு வந்தார்கள். ஆபிரிக்கச் சாரதிகளில் ஒருவர் நான்காவது படத்தில் நான் கீறிய நானாவையும் நிஜ நானாவையும் மாறி மாறிக் காட்டி ஏதோ சொல்ல, மற்றவர்கள் நானாவின் தோளில் தட்டினார்கள். அதிகாரி காலையில் ஒருதரம் ஜீப்பில் வந்து, இறங்காமலே பார்த்துவிட்டுப் போவார். அந்த ஜீப்பின் சத்தம் கேட்டால் அத்தானின் கழுத்து நரம்பு புடைக்கும். ஜீப் போனதும் அடங்கும். அடங்கட்டும், இன்னும் சில நாளில் புடைக்கவே புடைக்காது என்று நான் நினைத்தேன்.

கச்சான் வெறிபிடித்து வீசிய ஒரு முற்பகலில் புதுப் பஞ்சாப் படைப்பிரிவின் லொறி ஒன்று வந்தது. சாரதி நரைத்த மீசைக்காரர். இயந்திரத்தைத் தானாகவே நிறுத்தினார், தானாகவே இறங்கினார், எங்களுக்கு நெற்றியில் கை வைத்துச் சலாம் சொன்னார். நானாவுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. நெம்புகோலைத் தள்ளினார், பெற்றோல் குடுவையில் ஏறியது. சாரதி காத்திருக்கும் நேரத்தில் பலகையைக் கண்டார். அருகில் போனார். வாசிக்கத் தெரிந்த மனிதர் என்பது நின்ற விதத்திலேயே தெரிந்தது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையைச் சற்றுச் சரித்து, பத்திரிகை பார்ப்பதுபோல. பிறகு ஒரு விரலை எடுத்துப் படங்களின் மேல் வைத்து நகர்த்தினார்.

வலது ஓரத்தில் வைத்தார். இடது பக்கமாக நகர்த்தினார்.

நான் கூப்பன்களைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றேன். விரல் புகைக்கிற மனிதனில் தொடங்கியது. கை உயர்த்துகிறவனுக்கு வந்தது. பிறகு இறங்குகிறவன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் படித்த எழுத்து வலமிருந்து இடம் போகிற எழுத்து. என் முதலாவது படம் அவருக்குக் கடைசிப் படம். இந்த ஊரில் வந்தவுடன் முதலில் ஆறுதலாகப் புகைக்கவேண்டும். எல்லாம் முடிந்து போகும்போது மிச்சத்தை அணைத்து மதிலில் வைத்துவிட்டுப் போகவேண்டும். பலகை அவரிடம் அதைத்தான் சொன்னது. மிகவும் தெளிவாகச் சொன்னது.

அவர் மீசைக்குள் சிரித்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சிகரெட்டை எடுத்தார். குடுவைக்கு நேரே கையை உயர்த்தினார். நானா வழமைப்படி குழாயைத் திறந்தார். பெற்றோல் லொறியின் தாங்கிக்குள் இறங்கும் சத்தம் தொடங்கியது. அந்த வெயிலில் தாங்கியின் வாயிலிருந்து ஆவி நடுங்கிக்கொண்டு எழுவது கண்ணுக்கே தெரிந்தது.

நெருப்புக்குச்சி உரசப்பட்டது. காற்று அணைத்துவிட்டது.

நானா அந்தச் சத்தத்துக்குத் திரும்பினார். முகம் சாம்பலானது. கை மட்டும் நிதானமாகக் குழாயைப் பூட்டியது. "தம்பி," என்றார், தொண்டைக்குள். "சத்தம் போட்டுடாதீங்க."

எனக்கும் அதுதான் தெரிந்திருந்தது. கத்தினால் கையில் இருப்பதை உதறுவார். உதறினால் எங்கே விழும்? பாய்ந்து பிடித்தால்? பட்டாளத்தார் மேல் பாய்ந்தால் அவர் திருப்பி அடிப்பார்; நெருப்பும் கையோடு வரும். அவர் காற்றுக்கு முதுகு காட்டித் திரும்பி, இரண்டு உள்ளங்கைகளையும் கூட்டிக் குவித்து, இன்னொரு குச்சியை உரசினார். திரும்பிய முகம் தாங்கியின் வாயைப் பார்த்து இருந்தது. பற்றியது. சிகரெட்டின் நுனி சிவந்தது.

நான் நடந்தேன். ஓடவில்லை. வாழ்க்கையில் எல்லாவற்றுக்கும் ஓடுகிறவன் நான். அன்றைக்கு என் கால்களைப் பிடித்து ஒவ்வொன்றாக வைத்தேன். சிரித்தேன். அவருக்கு முன்னால் போய், தாங்கிக்கும் அவருக்கும் இடையில் நின்று, இரண்டு விரலை உதட்டில் வைத்துக் காட்டினேன். எனக்கும் ஒரு இழுவை தருவீர்களா?

இதை மறுக்கிற மனிதன் எந்த நாட்டிலும் இல்லை. அவர் முகம் மலர்ந்தது. "லோ, பேட்டா," இந்தா மகனே, என்று நெருப்புக்குச்சியை ஊதி அணைத்து, வாயிலிருந்த சிகரெட்டையே எடுத்து நீட்டினார். நான் அதுவரை புகைத்தது கிடையாது. வாங்கி வாயில் வைத்தேன். கையில் பிடித்து வீசி நடந்தால் சாம்பல் உதிரும் என்ற பயம். உள்ளங்கையால் நுனியை மூடிக்கொண்டு மதிலை நோக்கி நடந்தேன். கண்ணில் தண்ணீர். இருமல் நெஞ்சுக்குள் ஏறி முட்டியது. இருமினால் பொறி பறக்கும். மூச்சை அடக்கினேன்.

மதிலைத் தாண்டித் தெருவுக்குக் கால் வைத்தபோது ஜீப் வந்து நின்றது.

அதிகாரி கண்டது இதுதான்: பெற்றோல் செட்டின் கூப்பன் பெடியன், பம்படியிலிருந்து, வாயில் எரியும் சிகரெட்டோடு, ஒய்யாரமாக நடந்து வருகிறான்.

நான் சிகரெட்டைத் துப்பி மணலில் மிதித்தேன். பிறகுதான் இருமினேன். இருமி முடிக்கும்வரை அவர் காத்திருந்தார். அத்தான் கூரைக்குக் கீழே கையில் துணியோடு அப்படியே நின்றார்.

"அது யாருடையது?" என்று கேட்டார் அதிகாரி.

என்ன சொல்வது? என்னுடையது என்றால் செட் பூட்டப்படும். அவருடையது என்றாலும் நெருப்பு செட்டுக்குள்தானே இருந்தது! செட்டும் பூட்டப்படும், அந்த நல்ல மனிதர் சிறைக்கும் போவார். என் வாயிலிருந்து ஒன்றும் வராமல் போனது அன்றைக்குத்தான் முதல்தரம் என்று நானா பிறகு சொன்னார்.

பதில் சொன்னது பஞ்சாப்காரர். விறைப்பாக வந்து நின்று, சல்யூட் அடித்து, ஹிந்துஸ்தானியில் உரத்துச் சொன்னார். அதிகாரிக்கு அந்த மொழி தெரிந்திருந்தது. சிகரெட் தன்னுடையது என்று சொல்கிறார் என்பது எனக்கும் புரிந்தது. பிறகு அதிகாரியைப் பலகைக்கு அழைத்துப்போய், வலது ஓரத்தில் விரலை வைத்து, ஒவ்வொரு படமாக இடது பக்கம் நகர்த்திக் காட்டினார். ஒழுங்காக ஒப்புவிக்கும் மாணவனைப் போல. இங்கே என்ன எழுதியிருக்கிறதோ அதைத்தான் செய்தேன், சாப்.

அதிகாரி பலகையை இடமிருந்து வலம் பார்த்தார். பிறகு வலமிருந்து இடம் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். சிரிக்கப்போகிறார் என்று ஒரு கணம் நம்பினேன். அவர் சிரிக்கவில்லை. பலகையைக் கொழுக்கியிலிருந்து கழற்றி, மதிலுக்கு வெளியே கொண்டுபோய்ச் சாத்தினார்.

"இதை எழுதியது யார்?"

"நான்," என்றேன்.

அவர் கணக்குப் போட்டது முகத்தில் தெரிந்தது. செட்டைப் பூட்டினால் ஏன் என்று மேலிடத்துக்குச் சொல்லவேண்டும். சொன்னால் தன் படைச் சாரதி பம்படியில் புகைத்ததையும் சொல்லவேண்டும். பிறகு அவருடைய லொறிகள் கடற்படையின் பம்புக்குப் போய், கடற்படை லொறிகள் எல்லாம் நிரப்பி முடியும்வரை வெயிலில் காயவேண்டும். அவர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். தீர்ப்பைச் சின்னக் குரலில் சொன்னார். நான் அதை ஒரு சொல்லும் விடாமல் அத்தானுக்குத் தமிழாக்கினேன்:

"கச்சான் முடியும்வரைக்கும் செட் திறந்திருக்கலாமாம். அதுக்குள்ள ஒரு பொறி கண்டாலும் பூட்டுவாராம், பிறகு கதையே இல்லையாம். பலகை எழுதினவன் இனி மதிலுக்குள்ள கால் வைக்கக்கூடாதாம்."

"அது நீதானே," என்றார் அத்தான்.

"ஓம் அத்தான்."

*

அத்தான் என்னை ஏசவில்லை. இரவுச் சாப்பாட்டில் மட்டும் சொன்னார், "உன்னைப் படிப்பிச்சது போதாதெண்டு நினைச்சனான். கூடிப் போச்சுதடா." பிறகு, மீன் துண்டொன்றை என் சோற்றுக் கோப்பையில் வைத்தபடி, "அந்தச் சிகரெட்டை வாங்கினாயே, அது நல்ல வேலை," என்றார். கட்டைபறிச்சானுக்கு இந்த விசயம் போகக்கூடாது என்றும் சொன்னார். அக்கா கேட்டால் வள்ளத்தில் வந்தே எங்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு போய்விடுவாள்.

அன்றிலிருந்து நான் தெருவுக்கு எதிர்ப்பக்கம், தேத்தண்ணிக் கடையின் நீள மர வாங்கில் உட்கார்ந்திருக்கிறேன். கூப்பன் வேலையையும் நானாவே பார்க்கிறார். லொறி வருகிறது; நானா நெம்புகோலை விட்டுவிட்டு மதிலடிக்கு ஓடி வாயில் கை வைத்துக் காட்டுகிறார்; அதற்குள் பின்னால் இன்னொரு லொறி இயந்திரத்தை நிறுத்தாமல் உள்ளே வந்துவிடுகிறது. நேற்று ஒருவர் பீடியோடு மதிலைத் தாண்டி நாலு எட்டு வைத்துவிட்டார். நானா அவரைக் கட்டிப்பிடித்துக் குசலம் விசாரிப்பதுபோல வெளியே தள்ளிக்கொண்டு வந்தார். நான் வாங்கிலிருந்து எழுந்துவிட்டேன். மதில்வரை போய் நின்றுவிட்டேன். அத்தான் உள்ளேயிருந்து என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினார்: வராதே.

துறைமுகத்தில் இன்னும் ஒரு கப்பல் வந்திருக்கிறது. புதுச் சப்பாத்துகள், புதுத் தொப்பிகள், திசை தெரியாமல் கேட்கும் முகங்கள். கச்சான் முடிய இன்னும் நாள் கிடக்கிறது.

இன்று பின்னேரம் அந்தப் பஞ்சாப்காரர் வந்தார். என்னை வாங்கில் கண்டு, தேத்தண்ணி வாங்கித் தந்தார். எனக்காக வருந்துகிறார் என்று விளங்கியது. நான் மண்ணில் ஐந்து கட்டம் கீறி, எங்கே தொடங்குவீர்கள் என்று சைகையில் கேட்டேன். வலப்பக்கம் தொட்டார். கடைக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டேன். இடப்பக்கம் தொட்டார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. படத்தைத் திருத்தி என்ன, இரண்டு பலகை எழுதி என்ன? ஒருவருக்குச் சரியானது மற்றவருக்குத் தலைகீழ்.

அப்போது அவருடைய லொறி வளைவிலிருந்து எந்த வழியால் வந்ததோ அந்தத் தெருவைப் பார்த்தேன். லொறி எந்தப் பக்கத்திலிருந்தும் வாசிக்காது. அது முன்னுக்கு மட்டும்தான் வரும். வளைவு, பிறகு கள்ளிவேலி, பிறகு பூவரசு, பிறகு மதில். அந்த ஒழுங்கை எந்த நாட்டுச் சாரதியாலும் மாற்ற ஏலாது. ஐந்து படத்தையும் ஒரு பலகையில் வரியாகப் போட்டதுதான் பிழை. ஒன்றொன்றாக வெட்டித் தெரு நீளத்துக்கு நட்டால்? முதலாவதைக் கடந்த பிறகுதானே இரண்டாவது வரும்! ஊர்ப் பக்கத்திலிருந்து வருகிறவைக்கு ஒரு வரிசை, துறைமுகப் பக்கத்திலிருந்து வருகிறவைக்கு ஒரு வரிசை. புகைக்கிற மனிதன் செட்டைக் கடந்து போன பிறகு, தனியாக, தூரத்தில் நிற்கட்டும்.

அத்தானிடம் சொன்னேன். அவர் வாயைத் திறக்கும் முன்பே, "தெரு மதிலுக்கு வெளியில் அத்தான். எனக்குத் தடை உள்ளுக்கு மட்டும்தான்," என்றேன்.

"அதிகாரிக்கு முதல் காட்டு. அவர் ஓமெண்டால் நடு."

ஆகவே நாளைக்கு ஜீப் வரும்போது வளைவில் காத்து நிற்பேன். ஒரே ஒரு பலகையோடு. சுருட்டை மதிலில் வைக்கிற மனிதன் மட்டும். வேறு ஒன்றும் இல்லை. சரி என்றால் அதைக் கள்ளிவேலிக் கம்பத்தில் அறைந்துவிட்டு, புதுக் கப்பலின் லொறிகள் வரும்வரை வாங்கில் இருந்து பார்ப்பேன். அதைக் கண்ட சாரதியின் கை எங்கே போகிறது, புகைப்பதை அணைக்கவா, சட்டைப் பையிலிருந்து எடுக்கவா என்று பார்க்கவேண்டும். மற்ற நான்கையும் அதற்குப் பிறகுதான் கீறுவேன்.